பதினெட்டில் பதினொன்று

ஐந்தாம் தேதி, விடியற்காலை.
வியாசர்பாடி மேம்பாலத்தில் முதல் சவாரியோடு போகிறேன்.
சட்டைப்பைக்குள் ஒரு சின்ன நடுக்கம்:
இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு
போயிற்று.

பதினெட்டில் பதினொன்று.
திரையின் உச்சியிலிருந்து
பாதிக்குச் சற்றுக் கீழே வரை
இப்போது என்னுடையது.
சார்ஜர் குத்தும் துளை இன்னும் அவர்களுடையது.

மார்ச்சில் மூன்று நாள் தள்ளிப்போனது.
பூட்டிவிட்டார்கள்.
நூற்றெட்டுக்குப் பேசலாம், அவர்களுக்குப் பேசலாம்,
சவாரி மட்டும் எடுக்க முடியாது.
சவாரி இல்லாமல் எப்படிக் கட்டுவது என்று கேட்க
அவர்களைத்தான் கூப்பிட்டேன்.
பாட்டுப் போட்டுக் காக்கவைத்தார்கள்.

"பன்னெண்டு கட்டிட்டா புதுசு எடுத்துக்கலாம்ணா,
மிச்ச ஆறை நாங்க பாத்துக்கறோம்."
புரசைவாக்கம் கடையில் ஹெப்சிபா.
நல்ல பிள்ளை, டீ வரவழைத்தாள்.
அந்த ஆறை எங்கே வைத்துப் பார்ப்பீர்கள் என்றேன்.
மேலாளர் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்து,
பேனாவை மூடி,
"புதுசோட இருபத்திநாலுக்குள்ள இருக்கும்ணா" என்றாள்,
சில்லறை எண்ணும் குரலில்.

பழையதில் கீறல் இருந்தால் மூவாயிரம் பிடிப்பார்களாம்.
இருக்கிறது ஒன்று,
கணேசபுரம் சுரங்கப்பாதையில்
முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிய இரவு விழுந்தது.
கட்டைவிரல் அதன்மேல் போகும்போதெல்லாம்
கொஞ்சம் தடுக்கும்.

பன்னிரண்டாவதையும் கட்டுவேன்.
பதின்மூன்றையும்.
கடை வாசலில் ஸ்டாண்டை எடுக்கிறேன்,
மின்ட் வரை ஒருவர்,
எழுபத்திரண்டு ரூபாய்.
கீறல் மேலேயே தேய்த்து
ஏற்கிறேன்.