வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

சித்திரை இருபத்தொன்றில் பதினோராயிரம் கட்டினோம்.
ரசீதின் பின்பக்கம் ஷோரூம் அஸ்லம் எழுதித் தந்தது:
ஒன்பது வாரம், கூடக்குறைய.
அந்தக் கூடக்குறையவில்தான்
இப்போது குடியிருக்கிறோம்.

வெள்ளை வேண்டாம் என்றது நான்.
பதினாலு வருடமாக மருந்துக் கிடங்கில்
மாத்திரை வெள்ளை, சுவர் வெள்ளை, பஞ்சும் வெள்ளை.
அட்டையில் ஈரக் களிமண் நிறம் ஒன்று இருந்தது.
அதன் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை.
"சேறு பட்டாலும் தெரியாது" என்றார் கலியபெருமாள்.
அந்த நிறத்துக்கு ரெண்டு வாரம் கூடுதலாம்.
ஆடி பிறந்துவிட்டால் எடுக்க முடியாது,
அதை அஸ்லமிடம் ஆறு முறை சொல்லியாயிற்று.

வண்டியின் அகலம் ஐந்தடி ஒன்பது அங்குலம்,
கண்ணாடிகளை விரித்தால் இன்னும் ஒரு சாண்.
கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டு
இரவு பத்து மணிக்குத் தெருவை அளந்தோம்,
ஒருவரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில்.
செண்பகவல்லி வீட்டுப் படியில் கயிறு இடித்தது.
விடிந்ததும் அவளே வந்தாள்:
"படிய வேணும்னா ஒடச்சுக்க.
மொத சவாரி திருநள்ளாறு, நான் முன்சீட்டு."

அவருக்கு டிராக்டர் தெரியும்.
டிராக்டர் தெரிந்தவர்
காரைத் தொடமாட்டேன் என்கிறார்.
எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவள் நான்தான்.
அரிசி களைகையில்
இடதுகால் தானாகத் தரையை அமுக்குகிறது.

வீட்டில் ரெண்டு போன்.
என்னுடையது அஸ்லமுக்கு,
அவருடையது மூணாறு தலைப்பில் இருக்கும் லஸ்கருக்கு.
மேட்டூரைத் திறந்து மூணு வாரம்,
எங்கள் வாய்க்காலில் இன்னும் கிரிக்கெட் நடக்கிறது.
"முறை வெச்சு விடுறாங்கண்ணே."
"லாரி கெடைக்கலைக்கா."
"கெளம்பிருச்சுண்ணே."
"யார்டை விட்டுக் கெளம்பிருச்சுக்கா."
சில இரவுகளில்
யார் எதைக் கேட்டு வைத்தோம் என்று
ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம்.

அதன் சேசிஸ் எண்ணில் கடைசி நாலும் எனக்கு மனப்பாடம்.
இன்னும் முகம் பார்க்கவில்லை.
ஸ்ரீபெரும்புதூர் வெயிலில்
தன் சாயலில் நூறு பேருக்கு நடுவே நிற்கும்
என்று மட்டும் தெரியும்.

எங்கள் வீடு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்.
ஸ்கூட்டிக்கு ரெண்டு பனந்துண்டு போதுமாயிருந்தது.
காருக்குத் தளம் போட்டோம்.
"இருவத்தோரு நாள் ஒரு சக்கரம் ஏறக் கூடாது"
என்று கொத்தனார் மச்சேந்திரன் விரலை ஆட்டிவிட்டுப் போனார்.
ஈரச் சாக்குப் போர்த்தி
போர் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினோம்,
காய்ந்த வாய்க்காலுக்கு மேலே.

எட்டாம் நாள் ராத்திரி சத்தம் கேட்டது.
நுரையும் சருகும் ஒற்றைச் செருப்புமாக
முதல் தண்ணீர்.
டார்ச்சோடு ஓடினவர்
முழங்கால் வரை இறங்கி நின்று சிரித்தார்.
அது பாட்டுக்கு முட்டுக்கட்டையில் மூன்றைப் பிடுங்கிக்கொண்டு
கடைமடைக்குப் போய்விட்டது.
தளத்தின் ஓரம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.
மச்சேந்திரன் போனை எடுக்கவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு,
ஆனி இருபத்தொன்பது,
ரிப்பன் கட்டிய மூக்கோடு வண்டி வந்தது.
தெருமுனை வரைக்கும் ஒழுங்காக வந்து
செண்பகவல்லி படிக்கு முன்னால் நின்றது.
படி தப்பித்தது.
அஸ்லம் தண்ணீரைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்,
சாவியை என் கையில் வைத்து
"கையெழுத்து மட்டும் போடுங்கக்கா" என்றான்.

அன்று இரவு அடுப்படி ஜன்னலில் நின்று
சாவியை அமுக்கிப் பார்த்தேன்.
அக்கரையில் ரெண்டு கண்ணும் சிமிட்டின.
இன்னொரு முறை.
இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது:
"அமுக்காதடி, கோழியெல்லாம் மெரளுது."

சனிக்கிழமை விடியுமுன்
செருப்பைக் கையில் பிடித்து
புடவையைச் சொருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினேன்.
பின்னால் அவர், தலையில் டிபன் தூக்கு.
முன்சீட்டில் செண்பகவல்லி
ஏற்கெனவே பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள்.
இடதுகால் கிளட்சைத் தேடிக் கண்டுபிடித்தது.
புது மிதியடியில் ஐந்து விரலோடு
முதல் சேறு.
அவர் குனிந்து பார்த்தார்.
நன்றாகவே தெரிந்தது.