நாற்பத்தேழாம் எண்

ஆய்வகச் சுவர் முழுக்க நகரம்
நீலமாக எரிகிறது.
எந்தத் தெருவிளக்கு கண்ணை மூடியது,
எந்தக் குப்பைத்தொட்டி கழுத்துவரை நிறைந்தது,
குளிரூட்டிய பேருந்து நிறுத்தத்தில்
இப்போது எத்தனை பேர்,
எல்லாம் அதற்குத் தெரியும்.
முசஃபாவின் பின்பகுதி மட்டும் சாம்பல்.
அங்கே உணரிக் கம்பங்கள் இல்லை.
அதனால் மனிதர்களைக் கம்பமாக்கினோம்.

நூற்றிருபது மணிக்கட்டுகளுக்கு
நான்தான் பட்டை கட்டினேன்.
தோலின் சூடும் இதயத்தின் ஓட்டமும்
நிமிடத்துக்கொரு தரம் மேலே போகும்.
சம்மதப் படிவம் நல்ல தமிழில் இருந்தது.
'தன்னார்வத்துடன்' என்ற சொல்லில் விரலை வைத்து
சூசைமிக்கேல் கேட்டார்:
"இதுக்குச் சம்பளத்துல பிடிப்பாங்களாம்மா?"

ஜூலை.
பன்னிரண்டரையிலிருந்து மூன்றுவரை
வெயிலில் வேலை கூடாதென்று சட்டம்.
மூன்று மணி ஒரு நிமிடத்து வெயிலுக்கு
யாரும் அதைப் படித்துக் காட்டவில்லை.
ஈரக்காற்று கடலிலிருந்து நடந்தே வந்து
சட்டைக்குள் குடியேறும்.
விடியலில் சிறுநீர்க் குப்பிகளை
விளக்குக்கு நேரே பிடித்து
வண்ண அட்டையோடு ஒப்பிடுவேன்.
வைக்கோல். தேன். கடுஞ்சாயா.
கடுஞ்சாயாவுக்கு எதிரே சிவப்பில் எழுதுவேன்:
சிறுநீரகம், கவனிக்க.
சிவப்பு மையே சீக்கிரம் தீர்ந்தது.

மூன்றாம் வாரம், மதியம்.
நாற்பத்தேழாம் எண், கம்பி கட்டுபவர், பத்தாம் தளம்.
தோல் வெப்பம் நான்கு டிகிரி.
இதயத்துடிப்பு இல்லை.
"செத்துட்டாரா?" என்றார் பேராசிரியர்,
காபிக் கோப்பையைக் கீழே வைக்காமல்.
நான் டாக்சி பிடித்தேன்.

முகாம் வாசலில் ஒரு பக்காலா.
குளிர்பெட்டிக்குள்
லபன் புட்டிகளுக்கும் வாடிய மல்லிக்கட்டுக்கும் நடுவே
பிளாஸ்டிக் உறைக்குள் சுருண்டு கிடந்தது
என் நாற்பத்தேழு.
"காலம்பர அஞ்சு மணிக்குத் தருவான்,
ராத்திரி வாங்கிக்குவான்" என்றார் கடைக்காரர் ஹம்சா.
"வாடகை ஒண்ணும் வாங்கலை மோளே."

ஏழேகாலுக்கு வேன் வந்தது.
சூசைமிக்கேலின் முதுகில்
உப்பு காய்ந்து ஒரு கடற்கரை வரைந்திருந்தது.
என்னைப் பார்த்ததும் மணிக்கட்டைப் பின்னால் மறைத்தார்.
வெறும் மணிக்கட்டை.
"போன மாசம் எங்க ரூம்ல ஒருத்தனுக்குச் சூடு கூடிப்போச்சு.
மெடிக்கல் சரியில்லைன்னு டிக்கெட் போட்டு அனுப்பிட்டாங்க.
எனக்கு இன்னும் பதினோரு தவணை இருக்கு.
வெயில் எனக்குத் தெரிஞ்சா போதும்.
உங்க பெட்டிக்கு எதுக்கு?"

எங்கள் தரவு யார் கைக்கும் போகாது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சுவர் முழுக்க எரிகிற நீலம் ஞாபகம் வந்தது.
அதைத் திறக்கிற சாவி
எத்தனை பேரிடம் இருக்கிறது?
எனக்குத் தெரியாது.
அவர் அதே பெட்டியைத் திறந்து
எனக்கொரு லபன் எடுத்துக் கொடுத்தார்.
காசு கொடுக்க விடவில்லை.

"பிழையான அளவு, நீக்கிவிடு" என்றார் பேராசிரியர்.
நான் நீக்கவில்லை.
குறிப்புக் கட்டத்தில் எழுதத் தொடங்கினேன்:
கருவியில் பழுதில்லை. மனிதர்
அங்கேயே கட்டம் நிறைந்துவிட்டது.

அடுத்த வாரம்
நான்கு டிகிரியில் இன்னும் ஆறு பேர்.
சராசரி ஒன்றரை டிகிரி இறங்கியது.
சுவரில் சாம்பல் இருந்த இடத்தில்
லேசாக ஒரு நீலம் பூத்தது.
தானியங்கி அறிக்கை வெளிவந்தது:
முசஃபா குளிர்கிறது,
நிழல்மரத் திட்டம் பலன் தருகிறது.
கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலுக்குள் என் போன் அடித்தது.
ஹம்சா.
"மோளே, ஒரு சின்ன விஷயம்.
லபன் வைக்க இடமில்லை."