முதல் எடை

பணகுடி தாண்டி நாற்கரச் சாலையை விட்டு இறங்கினால்
ஓர் எடைமேடை. அறுபது டன் தாங்கும்.
ஆனி மாதம். சுற்றிலும் காற்றாலைகள்
ஓயாமல் சுற்றுகின்றன,
மின்சாரம் மட்டும் நினைத்த நேரத்தில் போய்விடும்.
ஏன் என்று கேட்டால் லைன்மேன் சிரிப்பார்.

அங்கே ஓடும் நிரல் நான் எழுதியது.
ஏழாயிரம் ரூபாய். அதில் ஆயிரம் இன்னும் வரவில்லை.

செவ்வாய் இரவு ஒன்றேமுக்காலுக்குப் பேராச்சி அழைத்தாள்.
"அண்ணே, ஒங்க புரோகிராமு
என்னத்தயோ கேட்டுக்கிட்டே செத்துப்போச்சு."

கல் ஏற்றிய லாரி, முதல் எடை கொடுத்துவிட்டு
மருதப்பன் கல்லைத் தட்ட உள்ளே போயிருக்கிறார்.
மின்சாரம் போயிருக்கிறது.
கிழட்டு யூபிஎஸ் நாலு நிமிடம் கத்திவிட்டு
விண்டோஸிடம் மூடச் சொல்லியிருக்கிறது.
பேராச்சி கொட்டகையில் ஜெனரேட்டர் கயிற்றோடு மல்லுக்கு நிற்க,
ஆளில்லாத நாற்காலியைப் பார்த்து
என் நிரல் மரியாதையாகக் கேட்டிருக்கிறது:
சேமிக்கவா?
ஆம். இல்லை. ரத்து.
விண்டோஸ் ஐந்து நொடி பொறுத்தது.

காலி லாரி திரும்பி வந்தபோது
இரண்டாம் எடைக்கு ஜோடி இல்லை.

புதன்கிழமை நாகர்கோவில் பஸ்ஸில் நின்றபடி யோசித்தேன்.
ஜன்னல் மூடுவது எல்லாம் ஒன்று என்றே நினைத்திருந்தேன்.
மூலைப் பெருக்கல் குறியை ஒருவர் அழுத்துவது வேறு.
அவர் எதிரே இருக்கிறார், கேட்கலாம்.
நெசமாவே போறியளா?
இல்ல, கை பட்டுட்டு.
ஜன்னல் அப்படியே நிற்கும், குடி முழுகாது.

அமர்வு முடிவது வேறு, வீட்டையே காலி செய்வது.
கதவு இரண்டு முறை தட்டப்படும்.
முதல் தட்டு, கிளம்பலாமா என்று.
சரி என்று மட்டும் சொல்ல வேண்டும்,
அடுப்பை அணைத்துவிடக் கூடாது.
பக்கத்து அறையில் எவனாவது மாட்டேன் என்றால்
இரண்டாம் தட்டு வந்து, போகவில்லை, இருங்கள் என்றுவிடும்.
உலை கொதித்தபடி இருக்க வேண்டும்.
போகிறோம் என்றாலோ பேச்சே இல்லை.
எழுது. கோப்பை மூடு.
அதற்குப் பிறகு ஒரு நொடி உண்டென்று யாரும் வாக்குத் தரவில்லை.

நானோ கடைசி வேலைகள் எல்லாவற்றையும்
ஜன்னல் கலையும் கட்டத்தில் அடுக்கியிருந்தேன்.
அந்தக் கட்டம் அன்று வரவேயில்லை.

பாதி சொல்வதற்குள் பேராச்சி மறித்தாள்.
"அந்த எக்ஸையே எடுத்துருங்களேன்."
எடுத்தால் பிளக்கைப் பிடுங்குவாய் என்றேன்.
"ஆமா, பிடுங்கத்தான் செய்வேன்."
பிடுங்கினால் தட்டுவதற்கும் ஆள் இல்லை.

மருதப்பனோடு சண்டை எப்படித் தீர்ந்தது?
"சண்டையா?"
நேற்றைய காலண்டர் தாளைத் திருப்பிக் காட்டினாள்.
முதுகில், நீல மையில்:
வண்டி எண். 34,310. மணி 1.12.
"நம்பர் ஆடாம நின்னதும் எழுதிருவேம்ணே.
பொறவு எழுதலாம்னா, கயிறு இழுக்கவே கை போதல."

மடிக்கணினியை அங்கேயே திறந்தேன்.
பன்னீர் சோடா வாங்கித் தந்தாள், அது சூடாகிப்போனது.
எழுதும் வரிகளை மூடும் இடத்திலிருந்து வெட்டி
எடை நிலைத்த இடத்தில் ஒட்டினேன்.
மூடும் இடத்தில் ஒரே ஒரு கேள்வி மிச்சம்,
அதுவும் விரல் அழுத்தினால் மட்டும்.

சோதிக்க வேண்டும். மேடையில் ஒரு டிராக்டர்,
களக்காட்டு வாழைத்தார்.
பேராச்சி பிளக்கில் கைவைத்து என்னைப் பார்த்தாள்.
இரு, என்று வாயெடுப்பதற்குள் பிடுங்கிவிட்டாள்.

மறுபடி எழும்ப மூன்று நிமிடம்.
டிராக்டர்காரர் எங்களை மாறிமாறிப் பார்த்தார்.
திரை வந்தது.
முதல் எடை 6,840.
இரண்டாம் எடை என்ற கட்டத்தில்
வெறும் குறிகோடு, விட்டுவிட்டு மின்னியபடி.

"வந்துட்டே," என்றாள்.
என்றவள் இன்றைய தாளைக் கிழித்து, திருப்பி,
6,840 என்று எழுதி
ஸ்டேப்ளருக்கு அடியில் வைத்தாள்.
"இதும் கெடக்கட்டும்ணே."