மூன்றுக்குப் பூச்சியம்

ஏழு ஆட்டம். ஐந்து தோல்வி, ஒரு சமன்,
ஒரு வெற்றி.
நான் இரண்டாவது கோல்கீப்பர்.
விளையாடியது பதினொரு நிமிடம்,
மெல்ரோயின் புருவம் வெடித்த அன்று.
அதற்குள் ஒன்று வாங்கினேன், கால்களுக்கு நடுவால்.
மீதிப் பருவம் முழுக்க வாங்கில்
தண்ணிப் போத்தல்களுக்குக் காவல்.

மற்றக் கல்லூரிகளில் புல் இருந்தது.
எங்களுக்கு மட்டக்குளியில் ஒரு கல்லுத்தரை,
நடுவில் நெட்போல் கம்பம்.
மதிலுக்கு மேலால் பந்து போனால்
கொள்கலன் முற்றத்துக் காவல்காரர்
அடுத்த நாள்தான் திருப்பி எறிவார்.
ஆகவே எங்களில் ஒருவனும்
உயர்த்தி அடிக்கப் பழகவில்லை.
தோற்றதற்கு அது ஒரு காரணம் என்பான் ஷெரோன்.
சனிக்கிழமைகளில் துவாரகனுக்குக் கெமிஸ்ரி வகுப்பு,
அது இன்னொன்று.

ஹம்தான் நோன்போடு ஓடினான்.
இடைவேளையில் வாய் கொப்பளித்து
ஒரு சொட்டு விழுங்காமல் துப்புவான்.
நாங்கள் அவனுக்கு முதுகு காட்டிக் குடித்தோம்.
அவனுக்கு அதுதான் கோபம்.
"என்னப் பாத்துக் குடிங்கடா" என்பான்.

நான்காவது ஆட்டம் முடிந்த கிழமை
ரவூப் சேருக்கு டோஹா விசா வந்தது.
தன் விசிலை ஷெரோனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.
ஊதிப் பார்த்தோம். காற்றுத்தான் வந்தது.
உள்ளே உருள வேண்டிய மணி எப்போதோ விழுந்துவிட்டது.
அத்தனை நாளும் அவர் விரலை மடித்து
வாயால்தான் அடித்திருக்கிறார்.

ஆறாவது ஆட்டத்தன்று
களனி கங்கை பாலத்தின் வயிற்றைத் தொட்டது.
காக்கைத்தீவு மைதானத்தில்
நாங்கள் வரிசையாக நின்றோம்.
எதிரணி கடுவெலயிலிருந்து வர வேண்டும்.
அவர்களுடைய பஸ் தண்ணீருக்குள், என்று ஃபோன் வந்தது.
ரெஃப்ரி குடைக்குள் நின்று
கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்,
பிறகு சிங்களத்தில் சட்டம் சொன்னார்.
ஃபர்ஸான் அதைத் தமிழாக்கும்போது
சட்டத்தில் பாதி மழையில் கரைந்துபோனது.

விசில்.
ஷெரோன் பந்தைத் தொட்டான்.
எதிரே ஒருத்தரும் இல்லை,
ஒரு நாய் மட்டும் கோர்னர் கொடியை மணந்துகொண்டு.
மறுபடி விசில்.
மூன்றுக்குப் பூச்சியம்.
நனையாமல் குனிந்து கடதாசியில் கையெழுத்து வாங்கினார்.

"நம்ம வென்டுட்டமா, மச்சான்?"
நிதுசன் இரண்டு தரம் கேட்டான்.
ஒருவன் கையைத் தூக்கினான்,
தூக்கிய கையால் தலையைச் சொறிந்தான்.

பஸ் வர ஒரு மணித்தியாலம் இருந்தது.
ஏன் எழும்பினேன் என்று இப்போதும் தெரியாது.
வாங்கிலிருந்து நடந்துபோய்
அந்தப் பக்கத்துக் கம்பங்களுக்கு நடுவில் நின்று
"நான்தான் கடுவெல!" என்று கத்தினேன்.

எல்லோரும் என் மேல் ஓடி வந்தார்கள்.

ஷெரோனின் முதல் அடி, கையுறையில் பட்டு
மணிக்கட்டு வரைக்கும் மணி அடித்தது.
நிதுசனுடையதைக் காலால்.
ஹம்தான், பசித்த வயிற்றோடு,
வாழ்க்கையில் முதல் தடவை உயர்த்தி அடித்தான்.
நான் பின்னுக்குப் பறந்தேன்.
விழுந்த இடத்தில் சேறு என் அச்சை எடுத்தது.
பந்து நெஞ்சுக்குள் இருந்தது, பூனைக்குட்டி மாதிரிச் சுடாக.

போனதும் போனது. நாலோ ஐந்தோ.
மெல்ரோய் தன் கம்பத்தை விட்டு வந்து
என் வலைக்குப் பின்னால் நின்றான்,
போன பந்தையெல்லாம் பொறுக்கித் தந்தபடி.
ரெஃப்ரி வீட்டுக்குப் போயிருக்கலாம்.
போகவில்லை.
பஸ் ஹோர்ன் அடித்தபோது
குடைக்குள்ளிருந்து "தாஹதரய்" என்றார்.
பதினாலு. நான் பிடித்தவை.
அதற்கு அவரிடம் கடதாசி இருக்கவில்லை.

திங்கட்கிழமை அசெம்பிளியில்
அதிபர் வெற்றியை வாசித்தார்.
கைதட்டல் நன்றாகவே இருந்தது.
எங்கள் சப்பாத்துக்குள் இன்னும் ஈரம்.

ஏழாவது ஆட்டம் நாலுக்குப் பூச்சியம்,
நாலு அவர்களுக்கு.
நான் வாங்கில்.
இடைவேளையில் மெல்ரோய் மூச்சிரைக்க வந்து
கையை நீட்டினான்:
"கடுவெல, தண்ணி."

கொடுத்தேன்.