அரசனுக்கும் நில்லாதது

கீலுங்கில் மழை ஒரு செய்தியே அல்ல.
மீன் சந்தைக்கு மேலே, இரண்டாம் மாடியில்,
என் குடை வடித்த நீர்
புகைக்காதீர் என்ற பலகையின் கீழே
குளமாகத் தேங்கியது.
வெட்கப்பட்டுச் செருப்பால் தேய்த்தேன்.

"எந்தக் காது?" என்றாள் நர்ஸ் ஜியான்.
இடது என்றேன்.
இழுவைப்படகின் எஞ்சின் அறைக்கு
இருபத்தெட்டு வருடம் கொடுத்துத் தீர்ந்த காது.
வீட்டில் மெய்-யூன் வாயைத் திறந்தால்
அந்தப் பக்கத்தைத்தான் அவளுக்குத் தருவேன்.
ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவார்கள் பிறர்.
எனக்கு வாங்குகிற சிரமமும் கிடையாது.

சாமணத்தால் எடுத்தாள்:
கடுகைவிடச் சற்றே பருத்த கறுப்பு விதை,
தோல் நிறத்தில் நகமளவு ஒட்டுத்துணி.
நுரையீரலுக்கு ஒன்று. வாய்க்கு ஒன்று.
மேலே முக்கோணப் பள்ளத்தில் ஒன்று,
அந்த இடத்துக்கு ஆவிவாசல் என்று பெயராம்.
இன்னும் இரண்டு, எதற்கென்று மறந்துவிட்டேன்.
சுவர்ப் படத்தில், காதுக்குள்
தலைகீழாகச் சுருண்டிருந்தது ஒரு சிசு,
சோணையில் தலை,
கையில் சிகரெட் இல்லை.

"ஆசை வந்தால் அழுத்துங்கள். வலிக்கும்வரை.
வேலை செய்யுமா என்று கேட்காதீர்கள்.
சிலருக்குச் செய்கிறது. ஏனென்று எனக்குத் தெரியாது.
தெரிந்ததுபோல் பேசுகிறவனிடம்
காசைக் கொடுத்துவிடாதீர்கள்."

விதையின் பெயர் கேட்டேன்.
வாங் பூ லியூ ஷிங்.
அரசனே நில்லென்றாலும் நில்லாமல் போவது.
சிரித்துவிட்டேன்.
நிறுத்த வந்தவனுக்கு
நிற்காததன் பெயரில் வைத்தியம்.

கப்பல் ஒன்றைத் துறையில் தள்ளி முடித்ததும்
கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.
வீடு மாறிப்போன நண்பனைத் தேடியவன்போல்
கொஞ்சம் நின்றது,
பிறகு மேலேறிக் காதைத் தொட்டது.
அ-கூய் பார்த்துவிட்டான்.
"என்ன அது, பருவா?"
"விதை."
"முளைத்தால் சொல். தண்ணீர்ச் செலவுகூட இல்லை,"
என்று வானத்தைக் காட்டினான்.

பதினோராம் நாளைச் சொல்லாமல் விடலாம்.
சொல்கிறேன்.
இரவு இரண்டு மணி. சரக்குக் கப்பலின் கயிறு அறுந்து
அ-கூயின் தலைக்கு ஒரு சாண் மேலே
காற்றைக் கிழித்துக்கொண்டு போனது.
யாருக்கும் ஒன்றுமில்லை.
அவன் ஒன்றை நீட்டினான், விரல்கள் நடுங்க.
வாங்கிக்கொண்டேன்.
வலது கையில் சிகரெட்,
இடது கை காதில்.
அழுத்திக்கொண்டே இழுத்தேன்,
கடைசிவரை,
இரண்டு முதலாளிகளுக்கும் உண்மையாக.

ஜியான் திட்டவில்லை.
ஒட்டுத்துணிகளை உரித்தாள்.
ஐந்து சின்னச் சிவப்புக் குழிகள்
என்று கண்ணாடியில் காட்டினாள்.
"இந்த வாரம் மறு காது."
"அது கேட்கிற காதாயிற்றே."
"கேட்கட்டுமே," என்றாள்.

அழுத்தினால் முதலில் துணியின் கரகரப்பு.
அப்புறம் ரத்தம்,
மெதுவேகத்தில் ஓடும் எஞ்சினைப்போல.
அதற்கும் அடியில்
மார்புக்குள்ளிருந்து ஒரு மெல்லிய விசில்.
பழுதைச் சத்தத்திலேயே பிடிக்கிற ஆள் நான்.
இந்தச் சத்தம் எப்போது தொடங்கியது?

மெய்-யூனிடம் கேட்டேன்.
"ஆறு வருடமாகச் சொல்கிறேனே," என்றாள்,
"இடது பக்கம் படுத்துக்கொண்டு."

இன்று பத்தொன்பதாம் நாள்.
காலையில் எண்ணினால் ஒரு விதையைக் காணோம்.
தலையணையை உதறினேன், சட்டைக் காலரைப் பார்த்தேன்,
குளியலறைச் சல்லடையில் முடிதான் இருந்தது.
வாய்க்கு வைத்ததா நுரையீரலுக்கு வைத்ததா,
அதுவும் தெரியவில்லை.
போய்விட்டது, யாருக்கும் நில்லாமல்.

மழை. படகு கிளம்புகிறது.
அ-கூய் லைட்டரைத் தட்டும் ஓசை
மேல்தளத்திலிருந்து துல்லியமாகக் கேட்கிறது.
மிச்சம் நாலு.
அழுத்துகிறேன்.