பதினேழு குதிரைகள்

இருபத்துநாலு குதிரை என்றுதான் விற்றார்கள்
அந்த மினி டிராக்டரை.
தவணை மட்டும் இருபத்துநாலுக்கும் சேர்த்துக் கட்டுகிறோம்.

மாசி. நிழல் மரங்களுக்குக் கவாத்து முடிந்திருந்தது.
காப்பிச் செடிக்கு நடுவே கால் வைக்க இடமில்லை,
கொப்பும் தழையும் இடுப்புயரம்.
எரித்தால் மிளகுக்கொடி வாடும்.
சுமந்து கொட்டினால் கூலி கட்டாது.
அரைத்து அங்கேயே பரப்பிவிட்டால்
சித்திரை வெயிலை மண் கொஞ்சம் தாங்கும்.

செவ்வாய்க்கிழமை நாகலூரில் முதல் பஸ் ஏறினேன்,
காய்ந்த சில்வர் ஓக் கட்டை ஒன்றும்
பழைய காப்பித் தூர் ஒன்றும் மடியில்.
கண்டக்டர் பார்த்தார்.
"ஏம்மா, சேலத்துல விறகு கெடைக்காதா?"
"விறகில்லண்ணே, சாட்சி."
லக்கேஜ் கிழித்தார், பத்து ரூபாய்.

ஐந்து ரோடு தாண்டிக் கடை.
வாசலில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று,
அண்டாவைச் சாய்த்து வைத்த மாதிரி வாய்.
"ஆறு இஞ்ச் மேடம், நம்பர் ஒன்" என்றான் கோகுலவாசன்,
முருங்கைக் கொப்பை உள்ளே விட்டுக் காட்டினான்.
முருங்கையை நாலாவது படிக்கிற என் மகன்
முட்டியில் வைத்து ஒடிப்பான்.

என் கட்டையை நீட்டினேன்.
"இது காஞ்ச மரமாச்சே மேடம்."
எங்கள் பக்கம் பாதி மரம்
காய்ந்த பிறகுதான் கைக்கு வரும் தம்பி.

லக்கேஜ் டிக்கெட்டின் பின்னால் கணக்குப் போட்டேன்.
எஞ்சினில் இருபத்துநாலு.
பின்னால் சுழலும் தண்டுக்கு வந்து சேர்வது இருபது;
நாலு குதிரை கியர்ப் பெட்டிக்குள்ளேயே கொள்ளு தின்கிறது.
நாலாயிரத்து ஐந்நூறு அடியில் காற்று மெலிசு,
இன்னும் மூன்றுக்கு மூச்சு வாங்கும்.
ஆக, பதினேழு.
ஆரஞ்சு வாய் கேட்பது முப்பத்தைந்து.

"மெதுவா விட்டா ஓடும் மேடம்."
மெதுவாக விட்டால் எதுதான் ஓடாது.
"எடை?"
"நானூத்தி எம்பது."
எங்கள் சரிவில் அதைப் பின்னால் தூக்கினால்
முன்சக்கரம் இரண்டும் எழும்பி
டிராக்டர் சேர்வராயனைக் கும்பிடும்.

மூலையில் சின்னது ஒன்று, தூசி படிந்து.
மூன்றரை அங்குல வாய். இருநூற்றுப் பத்து கிலோ.
பதினைந்து குதிரை போதும் என்று எழுதியிருந்தது.
"அத யாரும் கேக்கறதில்ல மேடம்."
கேட்டேன்.

கடை டிராக்டரில் மாட்டினார்கள், எங்களுடையது மாதிரியே ஒன்று.
ஓக்கை விட்டான்; பல்லைக் கடித்துக்கொண்டு தின்றது.
காப்பித் தூருக்கு ஒரு கணம் குரல் தாழ்ந்து,
தாழ்ந்து,
பிறகு தன் சுதிக்கு ஏறியது.
அந்த ஒரு கணத்தைக் கேட்கத்தான்
இருபது கொண்டை ஊசி இறங்கி வந்திருந்தேன்.

கத்தி ஒரு ஜோடி கூடுதலாகக் கேட்டேன், தரவில்லை.
ஷியர் போல்ட் ஐந்து, கவரில் போட்டுத் தந்தான்.
"லோடு ஓவராச்சுன்னா இது ஒடையும், மிஷின் தப்பிச்சிடும்."

வாய் சின்னதாகப் போனதில் இன்னாசிக்கு மனத்தாங்கல்.
மேல் தோட்டத்து டெரன்ஸ் வாங்கியது எட்டு அங்குலம்.
அது பொங்கலிலிருந்து ஷெட்டில் நிற்பதை
இவர் கணக்கில் சேர்க்க மாட்டார்.

மூன்றாம் நாள் மிளகைக் கிளறிக்கொண்டிருந்தேன்.
கீழ்ச் சரிவில் ஒரே சுதியாக ஓடிய சத்தம்
டக்கென்று நின்றது.
பனி இறங்கும் நேரம். குக்குறுவான் மட்டும்
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

போய்ப் பார்த்தால், பலாக் கிளை,
என் தொடை கனம்.
விளிம்பைக் கொடுவாளால் சீவிச் சீவி
நுனியை எப்படியோ திணித்திருக்கிறார்.
என்னைப் பார்க்கவில்லை. மிஷினையும் பார்க்கவில்லை.
எதிர் மலையில் என்னவோ தேடுகிறவர் போல நின்றார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
கவர் மணிபர்ஸிலேயே இருந்தது.
நாலு மிச்சம்.
"பன்னெண்டு-பதிமூணு ஸ்பேனர் எங்க வெச்சீங்க?" என்றேன்.