ஆறு பத்துப் படகு

நேற்று மாலையே மொட்டின் வாயைக்
கம்பளி நூலால் கட்டிவைத்தார் வெண்டெல்,
தேனீ முந்திக்கொள்ளாதிருக்க.

நோவா ஸ்கோஷியாவில் ஜூலை.
இந்த ஒரு பூசணி பிடித்துவிட்டால்
அக்டோபரில் குடைந்து, ஏறி உட்கார்ந்து
ஏரியில் துடுப்புப் போடலாம்.

ஐந்தரைக்கு விரிய வேண்டியது
ஐந்து ஐம்பதுக்கும் இறுக்கமாகவே.
ஆறு பத்துக்கு முதல் படகு;
கயிறு அவிழ்ப்பவர் இவர்தான்.

சட்டைப்பையில்
இதழ் உரித்த ஆண்பூக்கள் மூன்று.
வெயில் ஏறினால் மகரந்தம் வீண்.

ஆறு ஏழு.
நூலுக்குள் ஏதோ நெகிழ்ந்தது.
ஐந்து மடலிலும் தடவினார், அவசரமில்லாமல்.
மறுபடி கட்டினார்.

ஓடி வந்தால்
படகு நிற்கிறது.
கேப்டன் அடேல் பதிவேட்டில் எழுதுகிறார்:
'தாமதம் ஆறு நிமிடம். மூடுபனி.'

அக்கரையில் நாய் ஒன்று
காது சொறிவதுகூடத் தெரிகிறது.

அன்று அவர் கிழித்த டிக்கெட்டெல்லாம்
ஓரத்தில் மஞ்சள்.